ஒன்பதாவது சிப்

மலர்க் குழுவினர் இந்தத் தடவையும் "ஏதாவது பழைய நினைவு எழுதுங்கள்" என்று கடிதம் போட்டார்கள். விடுதிச் சாம்பாரைப் பற்றியும், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நடந்தே ஊர் போய்ச் சேர்ந்ததையும் முந்தைய மலர்களில் பலபேர் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் எழுதப்போவது ஒரு கம்ப்யூட்டர் கோளாறின் சரித்திரம். அதில் உங்களில் சிலருக்கும் பங்கு உண்டு. 2003-ஆம் ஆண்டுச் சந்திப்புக்கு அழைப்பிதழ் தாமதமாக வந்ததே, நம்மை வேண்டுமென்றே விட்டுவிட்டார்களோ என்று மனத்தாங்கலோடு இருக்கிற நண்பர்கள் அன்புகூர்ந்து கடைசி வரை படிக்கவும்.

ஆரம்பம் நம் கல்லூரியில்தான். 1984 நவம்பரில் மத்திய அரசு புதிய கணிப்பொறிக் கொள்கையை அறிவித்து இறக்குமதிக் கெடுபிடிகளைத் தளர்த்தியது. அதன் பிறகு நம் பக்கத்துக் கல்லூரிகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டர் எட்டிப் பார்த்தது. நமக்கு 1988-இல் வந்தது. பி.சி. எக்ஸ்.டி. வகை இயந்திரங்கள் நான்கு. செருப்பை வெளியே விட்டுவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி போவோம். கூட்டமாக நின்று ஒருவர் தட்டுவதை ஒன்பது பேர் பார்ப்போம்.

ஒரு சனிக்கிழமை ஆய்வக உதவியாளர் ஒரு பெட்டியின் மூடியைக் கழற்றித் தூசி தட்டிக்கொண்டிருந்தார். உள்ளே கறுப்புப் பூச்சிகள் அணிவகுத்த மாதிரி மெமரி சிப்புகள். எண்ணிப் பார்த்தேன். வரிசைக்கு ஒன்பது. ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்று அப்போதுதான் வகுப்பில் உருப்போட்டிருந்தோம். "எட்டுதானே சார் வேணும், ஒன்பது எதுக்கு?" என்று கேட்டேன். அவர் ஊதுவதை நிறுத்தாமலே சொன்னார்: "எட்டுப் பேர் வேலை பார்ப்பான். ஒருத்தன் கணக்குப் பார்ப்பான்."

எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் தேங்காய் எண்ணுகிறவர்கள் நூறு முடிந்ததும் ஒரு காயைத் தனியே ஒதுக்கி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோன்ற ஒரு கணக்குக் காய்தான் இந்த ஒன்பதாவது சிப். எட்டு பிட்டுகளில் எத்தனை ஒன்றுகள் இருக்கின்றன என்று பார்த்து, தன்னையும் சேர்த்து மொத்தம் எப்போதும் ஒற்றைப்படையாக இருக்கும்படி இது தன்னை வைத்துக்கொள்ளும். திரும்பப் படிக்கும்போது மொத்தம் இரட்டைப்படையாக வந்தால் நடுவில் யாரோ ஒருவர் புரண்டுவிட்டார் என்று அர்த்தம். யார் என்று அதற்குத் தெரியாது. இரண்டு பேர் சேர்ந்து புரண்டால் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆனால் ஒருவர் புரண்டாலும் இயந்திரம் 'பாரிட்டி செக்' என்று திரையில் எழுதிவிட்டு, கல் மாதிரி நின்றுவிடும். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் முதல் பி.சி.யை வெளியிட்டபோதே இந்த ஏற்பாட்டை வைத்திருந்தது.

அப்படி அது நின்றபோதெல்லாம் நாம் அதைத் திட்டியிருக்கிறோம். ரெக்கார்டு நோட்டுக்காக அடித்த முழு கோபால் புரோகிராமும் போய்விட்டது என்று ஒரு நண்பர் கண் கலங்கியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "வேலை செய்யாட்டாலும் பரவாயில்லை, சும்மாவாவது இருந்து தொலையேன்" என்று நானே கீபோர்டைத் தட்டியிருக்கிறேன். பின்னாளில் அப்படிச் சும்மா இருக்கிற இயந்திரம் ஒன்று எனக்கே வந்து வாய்க்கும் என்று யார் கண்டார்?

இனி மகாராஜபுரம். கிருஷ்ணன்கோவிலில் பிரிந்து வத்திராயிருப்பு வந்து, அங்கிருந்து தாணிப்பாறை போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். சதுரகிரி மலைக்கு அமாவாசை, பௌர்ணமிக்குப் போனவர்கள் பார்த்திருக்கலாம். மற்ற நாட்களில் தென்னையும் நெல்லும் மோட்டார் சத்தமும்தான். 2001-இல் அங்கே என் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்தேன். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை, அறுநூற்றுச் சொச்சம் பெயர்களை, பழைய பதிவேடுகளிலிருந்து எடுத்து அதில் ஏற்றுவது என் பொறுப்பு. பதிவேடுகளில் பாதி முகவரி 'காமராஜர் மாவட்டம்' என்றே இருந்தது. 1985-இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்த நம் மாவட்டம் 1997 வரை அந்தப் பெயரில்தான் இருந்தது அல்லவா? அதையெல்லாம் 'விருதுநகர்' என்று மாற்றி, பின்கோடு தேடிப் போட்டு, ஆறு மாதத்தில் முடித்தேன். முடித்ததும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில், ஓரத்தில் ஓட்டை போட்ட நீளத் தாளில் ஒரு பிரதி எடுத்து அலமாரியில் வைத்தேன். பின்னால் என் மானத்தைக் காப்பாற்றியது அந்தத் தாள்தான்.

அடுத்து மலரையும் வீட்டிலேயே அச்சுக்கோக்கலாம் என்று ஆசை வந்தது. இருந்த 32 எம்.பி. மெமரியில் பேஜ்மேக்கர் ஒரு பக்கம் புரட்டுவதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம். 2002 ஆகஸ்டில் ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை வைத்திருந்த ஒரு தம்பி — நம் கல்லூரியில் எனக்குப் பத்து வருஷம் இளையவன் — புது மதர்போர்டு, புது பிராசஸர், 256 எம்.பி. ரேம் எல்லாம் போட்டுக் கொடுத்தான். கேபினட், அதற்குள் இருக்கிற எஸ்.எம்.பி.எஸ். என்கிற மின்சாரப் பெட்டி, ஹார்ட் டிஸ்க், மானிட்டர் எல்லாம் பழசே. "நல்லாத்தானே ஓடுது, அதை ஏன் மாத்தணும்?" என்று சொன்னவன் நான்தான். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் குதிரையாக ஓடியது. இரண்டாம் நாள் சாயந்தரம் நீலத் திரை வந்தது. என்டரைத் தட்டினால் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று, அதில் வேறு எண். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் தானே அணைந்து தானே எழுந்தது. சுருக்கி வைத்த ஃபைல்களைப் பிரித்தால் 'சி.ஆர்.சி. எர்ரர்' என்றது. அதே ஃபைலை அடுத்த நாள் காலையில் பிரித்தால் ஒரு குறையும் இல்லாமல் பிரிந்தது. விண்டோஸ் 98-ஐ மூன்று தடவை அழித்து அழித்துப் போட்டேன். வைரஸ் என்றார் ஒருவர். சூடு என்றார் இன்னொருவர். மூடியைக் கழற்றி மேஜை ஃபேனைப் பக்கத்தில் வைத்தேன். மலைக்குப் போய்வந்த பெரியவர் ஒருவர் விபூதி கொடுத்தார். அதையும் வாங்கி மானிட்டருக்கு வைத்தேன், சொல்வதற்கென்ன வெட்கம்.

பழுது இருந்தால் புதுசாக வந்ததில்தான் இருக்க வேண்டும் என்பது யாருக்கும் முதலில் தோன்றுவது. தம்பியைக் கூப்பிட்டேன். அவன் பஸ் பிடித்து வந்தான். கையில் ஒரு பிளாப்பி. அதில் மெம்டெஸ்ட் 86 என்ற சோதனைப் புரோகிராம். 1994-இல் கிறிஸ் பிரேடி என்பவர் எழுதி இலவசமாக விட்டது. மெமரியின் ஒவ்வொரு கட்டத்திலும் எதையாவது எழுதி, திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று பார்க்கும். வேறு ஒன்றும் செய்யாது. ஓடவிட்ட கால் மணி நேரத்தில் சிவப்பு வரிகள் விழ ஆரம்பித்தன. தம்பி பேசாமல் ரேமைக் கழற்றிவிட்டுத் தன் கைக்காசில் வாங்கி வந்த வேறொன்றை மாட்டினான். மறுபடியும் சிவப்பு.

"டூப்ளிகேட் சரக்கை என் தலையில் கட்டிட்டியே தம்பி" என்றேன்.

"அண்ணே, ரேம் கெட்டிருந்தா ஒரே இடத்துல தப்பு வரும். இது ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல வருது. ரேமை மாத்தியும் வருது. ரேம் இல்லண்ணே."

நான் கேட்கவில்லை. பத்துப் பேர் முன்னால் இன்னும் இரண்டு வார்த்தை சொன்னேன். சங்கத்துக்கு வாங்குவதாக இருந்த பிரிண்டரை அவன் கடையில் வாங்க வேண்டாம் என்று செயலாளருக்கு நானே போன் போட்டேன். அவன் பிளாப்பியை மேஜை மேலேயே வைத்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் போனான். போகும்போது, "காலைல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை இதை ஓட்டிப் பாருங்கண்ணே" என்று மட்டும் சொன்னான்.

இந்த இடத்தில் கொஞ்சம் அமெரிக்கா போய்வர வேண்டும். புது இயந்திரம் வந்ததால் வந்த வினைகளிலேயே பெரிய வினை அங்கேதான் நடந்தது, அதைக் கண்டுபிடித்தவரும் ஒரு கல்லூரி ஆசிரியர்.

விர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் கல்லூரி. கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி. இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டே போவது அவர் ஆராய்ச்சி. 11, 13 மாதிரி இரண்டு வித்தியாசத்தில் வருகிற பகா எண்களைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஐந்தாறு கம்ப்யூட்டர்களை மாதக்கணக்கில் ஓடவிட்டுக் கூட்டிக்கொண்டிருந்தார். 1994 மார்ச்சில் அந்தக் கூட்டத்தில் பென்டியம் இயந்திரம் ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார். ஜூனில் கணக்கு இடித்தது. ஏற்கெனவே தெரிந்த விடைகளோடு ஒத்துப்போகவில்லை.

அவருக்கு என்னைப் போல அவசரம் இல்லை. முதலில் தன் புரோகிராமைச் சந்தேகப்பட்டார். பிறகு கம்பைலரை, பிறகு போர்டில் இருக்கிற சிப்செட்டை. ஒவ்வொன்றாக விலக்கி விலக்கி, அதே கணக்கைப் பழைய 486 இயந்திரத்திலும் போட்டு, அக்டோபர் 19 அன்றுதான் பிராசஸர்மேல் கை வைத்தார். நான்கு மாதம்! கடைசியில் வலையில் சிக்கியது ஒரு ஜோடி எண்: 824633702441, 824633702443. பென்டியம் ஒன்றை இந்த எண்களால் வகுத்தால் பத்து இலக்கத்துக்கு மேல் விடை தப்பு. அக்டோபர் 24-இல் இன்டெல் கம்பெனிக்குத் தெரிவித்தார். சரியான பதில் வராததால் 30-ஆம் தேதி தெரிந்தவர்களுக்கு மின்னஞ்சல் போட்டார். பிறகு ஊரெல்லாம் அதே பேச்சு.

காரணம் கேட்டால் சிரிப்பு வரும். வகுத்தலை வேகமாகச் செய்வதற்காகப் பிராசஸருக்குள் ஒரு வாய்ப்பாடு பதித்திருந்தார்கள். நிரப்ப வேண்டிய 1,066 கட்டங்களில் ஐந்து கட்டம் விட்டுப்போயிருந்தது. அந்தக் கட்டங்களைத் தொடுகிற வகுத்தல் மட்டும் தப்பாக வரும். சாதாரண உபயோகிப்பாளருக்கு 27,000 வருஷத்துக்கு ஒரு தடவைதான் இந்தத் தப்பு வரும் என்றது இன்டெல். 24 நாளைக்கு ஒரு தடவை வரும் என்றது ஐ.பி.எம். அந்த டிசம்பர் 20-ஆம் தேதி, கேட்டவர்க்கெல்லாம் மாற்றித் தருவதாக இன்டெல் இறங்கிவந்தது. அதற்காக ஒதுக்கிய தொகை 47½ கோடி டாலர்.

இதில் என்னை உறுத்தியது ஒன்றுதான். அந்தப் பென்டியம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. நீலத் திரை காட்டவில்லை. சமர்த்தாக, வேகமாக, தப்பான விடையைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. நைஸ்லி பழைய விடைகளோடு ஒத்துப் பார்க்கிற பழக்கம் இல்லாதவராக இருந்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்காது.

ஊர் திரும்புவோம். தம்பி சொன்னபடி ஓட்டிப் பார்த்தேன், அவனை நம்பி அல்ல, அவன் சொன்னது பொய் என்று நிரூபிக்க. விடியற்காலை நான்கு மணிக்கு ஓட்டினேன். இரண்டு மணி நேரம், ஒரு தப்பும் இல்லை. ராத்திரி ஏழு மணிக்கு அதே சோதனை, நாற்பதுக்கு மேல் தப்பு. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும். ராத்திரியில் கெட்டுப் பகலில் சரியாகிற ரேம் உலகத்தில் கிடையாது. அப்போதுதான் மனசில் ஏதோ இடறியது. சாயந்தரமானால் எங்கள் வீட்டுப் பல்பு பழுத்த எலுமிச்சை நிறத்துக்கு வந்துவிடும். மூன்று ஃபேஸ் விடுகிற நேரத்தில் தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடும்.

வத்திராயிருப்பில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் பார்க்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். கம்ப்யூட்டர் அவருக்குத் தெரியாது, மின்சாரம் தெரியும். மல்டிமீட்டரோடு வந்தார். முதலில் சுவர் பிளக்கில் வைத்தார். 230 இருக்க வேண்டிய இடத்தில் 175. அடுத்து மூன்றாவது துளையைப் பார்த்து, "எர்த்தே இல்லையேய்யா" என்றார். பெட்டியைத் தொட்டால் சுள்ளென்று இருப்பதை நான் புதுக் கம்ப்யூட்டரின் குணம் என்று நினைத்திருந்தேன். பிறகு ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற ஒயர்களில் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே முனைகளை வைத்தார். 5 வோல்ட் இருக்க வேண்டும். நூற்றுக்கு ஐந்துதான் கூடக் குறைய இருக்கலாம், அதாவது 4.75-க்குக் கீழே போகக்கூடாது. 4.6 காட்டியது. சி.டி.யைச் சுழலவிட்டதும் 4.5.

எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றிக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "250 வாட்னு எழுதியிருக்கான். இந்தக் கனத்துல அவ்வளவு கொடுக்காது" என்றார். காய்கறி வாங்குகிற மாதிரி இதையும் எடை பார்த்து வாங்கலாம் என்பது அன்று தெரிந்துகொண்டது. என் பழைய பிராசஸர் சுமார் 20 வாட்டில் காலம் தள்ளியது. புதியது 60 வாட்டுக்கு மேல் கேட்டது. கொடுக்க வேண்டிய பழைய பெட்டிக்குக் காலையில் முடிந்தது, சாயந்தரத்தில் முடியவில்லை. மூச்சு வாங்குகிற நேரத்தில் மெமரியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக பிட் புரண்டது. புதுசாக வந்த எதிலும் பழுது இல்லை. வீட்டிலேயே இருந்த பழசுக்குத்தான் புதுசின் பாரம் தாங்கவில்லை.

வேறு எஸ்.எம்.பி.எஸ். வாங்கி மாட்டி, சுவருக்கு ஒரு ஸ்டெபிலைசர் வைத்து, கொல்லையில் குழி வெட்டி உப்பும் கரியும் போட்டு எர்த் போட்டோம். அன்று ராத்திரி ஏழு மணி முதல் விடியும் வரை மெம்டெஸ்ட் ஓடியது. ஒரு சிவப்பு வரி இல்லை.

தம்பியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். கடையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். திட்டியது பத்துப் பேர் முன்னால், எனவே நாலு பேர் முன்னால் கேட்டது குறைவுதான். அவன், "விடுங்கண்ணே, பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாத்துங்கன்னு நான்தான் அடிச்சுச் சொல்லியிருக்கணும்" என்று பால்கோவா வாங்கி வரச் சொன்னான். நான் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டியது, அவன்தான் கொடுத்தான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. 2003 ஜனவரியில் சந்திப்பு. அழைப்பிதழ்களுக்கு முகவரிச் சீட்டு அந்தக் கம்ப்யூட்டரிலிருந்துதான் அடித்தேன். சந்திப்பு முடிந்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பர் ஒருவரிடமிருந்து நறுக்கென்று ஒரு கடிதம் வந்தது. "கூப்பிட மனம் இல்லையென்றால் விட்டிருக்கலாம். விழா முடிந்த மறுநாள் கிடைக்கிற மாதிரி அனுப்பியது எதற்கு?" உறையையும் கூடவே வைத்திருந்தார். அதில் திண்டுக்கல் தபால் முத்திரை! ஊர்ப்பெயர் ஸ்ரீவில்லிபுத்தூர் என்றுதான் இருந்தது. பின்கோடு மட்டும் 626125-க்குப் பதில் 624125.

என் விரல் தப்பு என்றுதான் நினைத்தேன். அலமாரியில் இருந்த டாட் மேட்ரிக்ஸ் தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் 626125. சரியாக அடித்திருக்கிறேன்! வீட்டில் உள்ளவர்கள் ஒருவர் படிக்க ஒருவர் பார்க்க, மூன்று நாள் ராத்திரி உட்கார்ந்து இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டோம். பதினொரு இடத்தில் மாறியிருந்தது. சில பின்கோடுகள், ஒரு வீட்டு எண், ஒரு நண்பருடைய தகப்பனாரின் பெயரில் முதல் எழுத்து. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் தினமும் சாயந்தரம் பட்டியலைத் திறந்து, இரண்டு பெயர் சேர்த்து, அகர வரிசைப்படுத்தி, சேமித்து வைத்தேனே, அந்த இரண்டு மாத வேலை!

கம்ப்யூட்டருக்குள் எழுத்தும் எண்ணும் எட்டு பிட்டாகத்தான் இருக்கும். 6 என்ற எண் 00110110. 4 என்ற எண் 00110100. வலமிருந்து இரண்டாவது பிட் புரண்டால் போதும், 6 என்பது 4 ஆகிவிடும். 626 நம் விருதுநகர் வட்டாரம், 624 திண்டுக்கல். கடைசி பிட் புரண்டால் 7. கடிதம் திருநெல்வேலி போகும். மூன்றாவது பிட் புரண்டால் 2; புதுக்கோட்டை போகும். பக்கத்தில் இருக்கிற மதுரைக்கு, அதாவது 625-க்கு, மட்டும் போகாது. 6-ஐ 5 ஆக்க இரண்டு பிட் புரள வேண்டும். என் பட்டியலில் திண்டுக்கல் நான்கு, திருநெல்வேலி இரண்டு, புதுக்கோட்டை ஒன்று. மதுரை ஒன்றுகூட இல்லை. எனக்கு முதுகு சிலிர்த்தது. அப்போது தமிழுக்கு நாம் பாவித்த எழுத்துருக்களிலும் ஒரு குறிக்கு ஒரு பைட்தான். எனவே தமிழ் எழுத்துக்கும் அதே கதி.

நீலத் திரை வந்த நாட்களுக்காக நான் அழுதேன். அது வராத நாட்களில்தான் உங்கள் முகவரிகள் கெட்டன.

அப்போதுதான் ஆய்வகத்து ஒன்பதாவது சிப் ஞாபகம் வந்தது. என் புது ரேமை எடுத்து எண்ணினேன். எட்டு. கணக்குப் பார்க்கிறவனைக் காணவில்லை. எங்கே போனான் என்று விசாரித்ததில் தெரிந்த விவரம் இது: 1990-களின் நடுவில் வீட்டுக் கம்ப்யூட்டர் மலிவாக வேண்டும் என்ற போட்டி. எட்டு சிப்புக்கு ஒன்று அதிகம் என்றால் எட்டில் ஒரு பங்கு செலவு அதிகம். மெமரியும் முன்னைக்கு நம்பகமாகிவிட்டது. 1995-இல் இன்டெல் வெளியிட்டு லட்சக்கணக்கில் விற்ற 430 எஃப்.எக்ஸ். சிப்செட் பாரிட்டியைப் பார்ப்பதையே விட்டுவிட்டது. ஒன்பதாவது சிப் வாங்கி மாட்டினாலும் அதைக் கேட்பார் இல்லை. பாங்குகளுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் போகிற சர்வர்களில் மட்டும் அது இருந்தது, அதுவும் பதவி உயர்வோடு. தப்பைக் கண்டுபிடிப்பது மட்டும் இல்லை, திருத்தவும் செய்யும்.

அந்தத் திருத்துகிற வித்தையும் நம் ஆய்வகத்து ஆத்திரத்தில் பிறந்ததுதான். 1940-களின் கடைசியில் பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங் என்ற கணித வல்லுநருக்கு ரிலே கம்ப்யூட்டர் வார இறுதியில்தான் கிடைக்கும். அது தப்பைக் கண்டால் அந்த வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பக்கத்தில் ஆள் இருக்கமாட்டார். திங்கட்கிழமை வந்து பார்த்தால் கணக்கு நடந்திருக்காது. அடுத்தடுத்து இரண்டு வாரம் இப்படி ஆனதும், தப்பு இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஏன் தெரியக்கூடாது என்று யோசித்தார். 1950-இல் அவர் வெளியிட்ட வழிமுறைதான் எல்லாத் திருத்தும் மெமரிக்கும் மூலம். நாம் கீபோர்டைத் தட்டியதோடு சரி.

பிட் புரள மின்சாரக் குறைவுதான் வேண்டும் என்பதும் இல்லை. 1978-இல் இன்டெல்லின் மே, உட்ஸ் என்ற இருவர், சிப்பை மூடியிருக்கும் பீங்கான் உறையில் இம்மியளவு கலந்திருந்த யுரேனியம், தோரியத்திலிருந்து வரும் ஆல்ஃபா துகள்களே பிட்டுகளைப் புரட்டுவதைக் காட்டினார்கள். 2009-இல் கூகுள் தன் சர்வர்களில் எடுத்த கணக்கில், ஒரு வருஷத்தில் நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்ட மெமரிப் பலகைகளில் திருத்தத்தக்க தப்பாவது வந்திருந்தது. அவர்களிடம் எண்ணுகிற ஆள் இருந்தான், எண்ணினார்கள். வீட்டில் யார் எண்ணுவது?

என் இயந்திரத்துக்கு இன்னொரு கண்டமும் வந்தது. 2003 கடைசியில் மறுபடியும் தானே அணைந்து எழுந்தது. இந்தத் தடவை நான் யாரையும் ஒன்றும் சொல்லாமல், முதலில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். 5 வோல்ட் சரியாக இருந்தது. மூடியைக் கழற்றினால், பிராசஸரைச் சுற்றியிருந்த சின்ன உருளைகள், கெபாசிட்டர்கள், உச்சியில் உப்பி, இரண்டில் பழுப்பாகக் கசிந்திருந்தது. உலகம் முழுக்க அந்த வருஷங்களில் வந்த மதர்போர்டுகளுக்கு நேர்ந்த கொள்ளை நோய் அது. உள்ளே ஊற்றும் நீர் கலந்த திரவத்தில் சேர்க்க வேண்டிய காப்பு மருந்து சரியாக இல்லாததால் ஹைட்ரஜன் வாயு சேர்ந்து உப்பிவிடும். திருடிய சூத்திரத்தைப் பாதி காப்பியடித்ததால் வந்தது என்று அப்போது ஒரு கதை உலாவியது. யாரும் முழுசாக நிரூபிக்கவில்லை. வத்திராயிருப்புப் பெரியவர் மதுரையிலிருந்து ஆறு கெபாசிட்டர் வாங்கி வந்து சூட்டுக்கோலால் மாற்றிக் கொடுத்தார். கம்ப்யூட்டர் தெரியாதவர்! அந்த போர்டு அதற்குப் பிறகு ஏழு வருஷம் ஓடியது.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகள் இதெல்லாம் பழங்கதை என்று நினைக்கலாம். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை பிராசஸர்களை வாங்கி மாட்டியவர்களுக்கு 2023, 2024-இல் என்ன ஆயிற்று? விளையாட்டு ஆரம்பித்ததும் 'வீடியோ மெமரி போதவில்லை' என்று செய்தி. ஆயிரக்கணக்கான பேர் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் பிராசஸருக்குத் தேவைக்கு அதிகமாக மின்னழுத்தம் போய், அது நாளாக நாளாகத் தேய்ந்துகொண்டிருந்தது என்று 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, திருத்திய மைக்ரோகோடு கொடுத்து, உத்தரவாதத்தை இரண்டு வருஷம் நீட்டியது. எனக்குக் குறைவால் வந்தது, அவர்களுக்கு மிகுதியால். குற்றம் சுமந்தது வழக்கம்போல வேறு ஆள்.

2020-இல் வந்த டி.டி.ஆர். 5 ரக மெமரியில், கட்டங்கள் மிகவும் சிறுத்துவிட்டதால், சிப்புக்குள்ளேயே சின்னத் திருத்தம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். சிப்பிலிருந்து பிராசஸருக்கு வருகிற வழியில் தப்பு நேர்ந்தால் அதற்குத் தெரியாது. கணக்குப்பிள்ளை திரும்பி வந்துவிட்டான், ஆனால் தோப்புக்குள் எண்ணுவதோடு சரி. வண்டியில் போகும்போது விழுந்த காய்க்கு அவன் பொறுப்பில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பர் இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. 6-ஐயும் 4-ஐயும் தாளில் பிட் பிட்டாக எழுதிக் காட்டி விளக்கினேன். "நல்லா கதை கட்டுறேய்யா" என்றார். நீளத் தாளை எடுத்துப் போய்க் காட்டிய பிறகுதான் சிரித்தார். இந்தத் தடவை அவர் அழைப்பிதழை நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

இம்மலரின் பின்பக்கங்களில் உறுப்பினர் முகவரிப் பட்டியல் இருக்கிறது. பழைய நீளத் தாளோடு ஒப்பிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தோம். இருந்தாலும் ஒவ்வொருவரும் தங்கள் பெயருக்கு நேரே பின்கோடை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 626-இல் குடியிருந்துகொண்டு 624, 627, 622 என்று இருந்தால் எனக்கு எழுதுங்கள். 625 என்று இருந்தால், அது கம்ப்யூட்டர் இல்லை, நான் தட்டிய தப்பு.